பயணம் சொல்லும் வரிசை

திண்டிவனம்
06.01.2025, திங்கட்கிழமை

அன்புத் தங்கை சாராவுக்கு, அண்ணன் ஜெகபர் அலி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கருணையால் காதைத் தவிர என் உடம்பில் சொல்லும்படியான குறை எதுவுமில்லை. உன் முழங்கால் எவ்விதம் இருக்கிறது என்பதை மறைக்காமல் எழுதவும்.

கடந்த வெள்ளிக்கிழமை, 03.01.2025 அன்று, மாதத்தின் முதல் வெள்ளி என்பதால் நீ வழக்கம்போல் குருமாவோடு வந்தாய். மேசையைத் தட்டி, நான் நிமிர்ந்து உன் முகத்தைப் பார்த்த பிறகு, "மவ ஃபஸீஹா மஸ்கட்டுக்கு வந்துடச் சொல்றாண்ணே, அங்கயே இருந்துடச் சொல்றா. போகட்டுமா?" என்று கேட்டாய். நான் குருமாவை ஊற்றிக்கொண்டேன். எனக்குக் கேட்கவில்லை என்று நீ நினைத்திருக்கலாம். கேட்டது. மற்றவர்கள் காதருகே கத்தினால் எனக்கு இரைச்சல் மட்டுமே கேட்கும். நீ எதிரே அமர்ந்து நிதானமாகப் பேசினால் உதட்டசைவும் சேர்ந்து முழுவதும் புரியும். கீழ்த்தளத்தில் சீனுவாசனின் மாவு மில் ஓடும்போதும் இந்த மேசை அதிரும். அதிர்ந்தால் மில், தட்டினால் நீ என்று என்னால் பிரித்தறிய முடியும்.

வெளிநாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவது வேறு, அங்கே குடியிருப்பது வேறு. தோஹாவில் 1979 முதல் 2008 வரை பண்டகசாலைப் பொறுப்பில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கடவுச்சீட்டை மூன்று நகல் எடுத்து மூன்று வெவ்வேறு இடங்களில் வை. மாத்திரைகளை டப்பாவில் கொட்டாமல், அட்டையோடு, மருத்துவர் சீட்டோடு எடுத்துச் செல். நல்ல பித்தளைப் பூட்டு ஒன்று, கொடிக்கயிறு ஒன்று, கெட்டியான போர்வை ஒன்று தேவைப்படும். கசகசா ஒரு மணிகூட இருக்கலாகாது. நமக்கு அது மசாலா. அங்குள்ள சுங்கத்தாருக்கு அது போதைப்பொருள்.

பனியில் வெளியே வராதே. எந்நேரமும் உனக்காக துஆ செய்யும்,
ஜெகபர் அலி.


விழுப்புரம்
போகிக்கு முந்தின நாளு

அண்ணன் அவங்களுக்கு சாரா ஸலாம் சொல்லி எழுதிக்கிறது. இங்க எல்லாரும் சொகம். எல்லாரும்னா நானும் பூனையுந்தான். முட்டி வலி அது பாட்டுக்கு இருக்குது, நான் என் பாட்டுக்கு இருக்கறேன்.

நீங்க எழுதின சாமானெல்லாம் போன்ல ஃபஸீஹாவுக்குப் படிச்சுக் காட்டினேன். "மாமா எந்தக் காலத்துல இருக்காரும்மா? கொடிக்கயிறா? இங்க துணி காய வைக்கவே மிஷினு இருக்குது. நம்மூரு மல்லாட்டை கூட தோலுரிச்சு வறுத்துக் கடையில விக்கிறான்"னு சிரிச்சிக்கினே இருக்கறா. பக்கத்துல இருந்து மருமவன் யாஹ்யா, "சிரிக்காத. பூட்டு மட்டும் கொண்டாரச் சொல்லு, சைக்கிளுக்கு ஆவும்"ன்னாரு.

கசகசா இல்லாம குருமா எப்படிண்ணே வரும்? முந்திரி போட்டு ஒருக்கா வச்சுப் பாத்தேன். பக்கத்து வீட்டு இருதயமேரி ஒரு வாய் தின்னுட்டு, "யக்கா, இது பாயசமா?"ன்னு கேக்கறா.

போகட்டுமா வேணாமான்னு கேட்டேன். நீங்க பூட்டப் பத்தி எழுதியிருக்கீங்க.

வெந்நி வச்சுக் குளிங்க.
தங்கச்சி சாரா.


திண்டிவனம்
27.01.2025, திங்கட்கிழமை

அன்புள்ள சாராவுக்கு, ஸலாமும் நல்வாழ்த்தும். நான் நலம். வெந்நீரில்தான் குளிக்கிறேன்.

"போகிக்கு முந்தின நாளு" என்பது தேதி ஆகாது. கடிதத்தின் தலையில் நாள், மாதம், ஆண்டு மூன்றையும் எழுத வேண்டும் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். நாளையே ஒரு தகராறு வந்தால் எந்த ஆண்டுப் போகி என்று யார் சாட்சி சொல்வது?

இதைவிடப் பெரிய பிழை ஒன்று இருக்கிறது. உன் கடவுச்சீட்டில் பிறந்த நாள் 01.06.1959 என்று உள்ளது. அது பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் தம் வசதிக்காக எழுதிக்கொண்ட தேதி. நீ பிறந்தது 17.11.1960, வியாழக்கிழமை பிற்பகல், அஸர் தொழுகைக்குச் சற்றுமுன். மருத்துவச்சியை அழைத்துவர கோட்டக்குப்பம் கடைத்தெருவில் ஓடியவன் நான். பொய்யான தேதியோடு இன்னொரு நாட்டுக்குள் நுழைவது முறையாகாது. முதலில் இதைத் திருத்து. சில மாதங்கள் ஆகலாம். ஆகட்டும், அவசரம் ஒன்றுமில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை வரும்போது முழங்காலுக்கு உறை அணிந்து வா.

உன் அண்ணன்,
ஜெகபர் அலி.


விழுப்புரம்
புதங்கிழமை, கரண்டு இல்லாத நாளு

அண்ணன் அவங்களுக்கு, ஸலாம். காதுக்கு எண்ணெய் விடாதீங்க, டாக்டர் வேணாம்னு சொல்லியிருக்காரு.

வெள்ளிக்கிழம வந்தேன். அந்தத் தேதிய மட்டும் பேப்பருல எழுதி எழுதிக் காட்டுனீங்க. சரின்னு நேத்து இ-சேவைக்குப் போனேன். இசைவாணின்னு ஒரு பொண்ணு உக்காந்துக்கினு இருக்குது. வெவரத்தச் சொன்னேன்.

"நீங்க பொறந்ததுக்கு என்னம்மா ஆதாரம்?"

"தோ, எதுருலயே நிக்கிறனே!"

"அது இல்லம்மா, அந்தத் தேதியில பொறந்ததுக்கு."

"எங்கண்ணன் இருக்காரு. அவருதான் மருத்துவச்சியக் கூட்டியாந்தாரு."

"உங்கண்ணன கம்ப்யூட்டருல ஏத்த முடியாதும்மா"ன்னு சிரிக்குது. தேதிய மாத்தினா ஆதாரு, பென்சன், ஃபஸீஹாவோட பேப்பரு எல்லாத்தையும் மாத்தணுமாம். ஒரு வருசம் ஆவுமாம். பேஜாருண்ணே. அந்தத் தேதி அப்படியே இருந்துட்டுப் போவட்டும். நெசமான தேதி உங்களுக்குத் தெரியுமில்ல, அது போதும்.

ஃபஸீஹா நோம்புப் பெருநாள் கழிச்சு உடனே வான்றா. என்ன சொல்லட்டும்?

சாரா.


திண்டிவனம்
24.02.2025, திங்கட்கிழமை

அன்புள்ள சாராவுக்கு, நோன்பு நெருங்கும் இவ்வேளையில் உனக்கும் ஃபஸீஹா குடும்பத்துக்கும் இறைவன் நலம் அருள்வானாக.

தேதியைப் பொறுத்தவரை என் ஆட்சேபத்தைத் தெரிவித்துவிட்டேன். இனி உன் விருப்பம்.

ஆனால் பெருநாள் முடிந்தவுடன் புறப்படுவது உசிதமன்று. அங்கே மே மாதத்தில் இரும்புக் கதவைத் தொட்டால் கை வெந்துவிடும். நான் அனுபவித்தவன். செப்டம்பருக்குப் பின் செல்வதே அறிவுடைமை. அதற்குள் உன் பல்லைப் பார்த்துவிடலாம். அந்நாடுகளில் பல் வைத்தியம் செய்துகொள்வது நம்மால் ஆகிற காரியமன்று. கண்ணாடியும் இரண்டாக வாங்க வேண்டும்.

பயணம் சொல்வதற்கும் ஒரு வரிசை உண்டு, நினைவிருக்கட்டும். கடல் கடந்து போகிறவர், உறவினர் வீடுகளுக்குத் தாமே நேரில் சென்று, செய்த பிழையெல்லாம் பொறுக்கச் சொல்லி, துஆ வாங்கிக்கொண்டு படியிறங்க வேண்டும். முதலில் உன் கணவர் வழியினர், பிறகு அத்தா வழியினர், கடைசியில் உடன்பிறந்தவன். என்னிடம் பயணம் சொல்லாமல் நீ போவது முறையன்று. எனவே நான் நாள் சொல்லும்வரை விமானச் சீட்டு எடுக்க வேண்டாம் என்று யாஹ்யாவிடம் தெரிவி.

நோன்பு நேரத்தில் பேருந்து ஏறி வராதே. பெருநாள் கழிந்த முதல் வெள்ளிக்கிழமை, அதாவது 04.04.2025 அன்று வந்தால் போதும்.

ஜெகபர் அலி.


விழுப்புரம்
09.04.2025

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு, சாரா எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன். தாங்கள் நலமா?

வெள்ளிக்கிழமை வர முடியவில்லை. வானூரில் ஒரு கல்யாணம். மன்னிக்கவும். அடுத்த மாதமும் வர முடியுமா என்று தெரியவில்லை. வெயில் அதிகமாக உள்ளது.

செப்டம்பர் மாதமே போகிறேன் என்று ஃபஸீஹாவிடம் சொல்லிவிட்டேன். அவளுக்குக் கொஞ்சம் கோபம். அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சொன்னேன்.

வேளைக்குச் சாப்பிடவும்.

இப்படிக்கு,
சாரா பீவி.


திண்டிவனம்
14.04.2025, திங்கட்கிழமை

அன்புள்ள சாராவுக்கு, ஸலாம். உடல் நலம். உள்ளமும் இன்று நலம்.

காரணம் சொல்கிறேன். 09.04.2025! நாள், மாதம், ஆண்டு மூன்றும் உரிய இடத்தில்! உன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு கடிதத்துக்குத் தேதியிட்டிருக்கிறாய். கையெழுத்தும் வெகுவாகத் திருந்தியிருக்கிறது. "தாங்கள்" என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். வெளிநாடு செல்லும் எண்ணமே ஒருவரை ஒழுங்குபடுத்துகிறது. அக்கடிதத்தைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை உன்னை எதிர்பார்த்து, சோற்றை மட்டும் வடித்து வைத்திருந்தேன். பிறகு மோர் ஊற்றிச் சாப்பிட்டேன். வானூரில் யார் வீட்டுக் கல்யாணம்? எனக்கு அழைப்பு வரவில்லையே. இதைக் குறையாகச் சொல்லவில்லை, தகவலாகக் கேட்கிறேன்.

செப்டம்பர் நன்று. யோசித்துப் பார்க்கையில் அக்டோபர் அதனினும் நன்று. அங்கே காற்று மாறுவது அப்போதுதான்.

அடுத்த கடிதத்திலும் தேதி எழுத மறவாதே.

அன்போடும் நிறைவோடும்,
ஜெகபர் அலி.


விழுப்புரம்
21.04.2025

ஜெகபர் ஐயா அவர்களுக்கு, சாராக்காவின் பக்கத்து வீட்டு இருதயமேரி வணக்கத்துடன் எழுதுவது. உங்களுக்கு என்னைத் தெரியாது. அக்கா குருமாவில் பாதி உங்களுக்கு வரும், மீதி எனக்கு வரும். அவ்வளவுதான் நமக்குள் உறவு.

நான் எழுதுவது அக்காவுக்குத் தெரியாது. தெரிந்தால் பேச மாட்டார்கள். ஆனால் உங்கள் கடிதத்தை அக்காவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். தேதி போட்டதற்கு நீங்கள் அவ்வளவு சந்தோஷப்பட்டதைப் படித்த பிறகு மறைக்க மனம் வரவில்லை. ஐயா, அந்தத் தேதியைப் போட்டது நான். அந்தக் கையெழுத்தும் என்னுடையது. பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை செய்கிறேன், தேதி போட்டுப் பழக்கம்.

பெருநாளன்று விடியற்காலையில் அக்கா துணி துவைக்கும் இடத்தில் வழுக்கி விழுந்துவிட்டார்கள். யாருக்கும் தெரியாது. வருடா வருடம் பெருநாளன்று மத்தியானம் எனக்கு பிரியாணி வந்துவிடும். அன்றைக்கு வரவில்லை. கேட்கவும் வெட்கம். பிள்ளைகள் பசிக்கிறது என்றதும், வெட்கத்தை விட்டுப் போய்க் கதவைத் தட்டினேன். உள்ளேயிருந்து, "மேரி, சட்டிய எறக்கு, அடி புடிச்சிருக்கும்" என்று முனகல் கேட்டது. அடுப்பே பற்ற வைத்திருக்கவில்லை. நினைவு தவறிப் பேசியிருக்கிறார்கள். எத்தனை மணி நேரம் அப்படிக் கிடந்தார்களோ.

எங்கள் தெரு கோபியின் ஆட்டோவில் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வலது மணிக்கட்டு உடைந்து கட்டுப் போட்டிருக்கிறது. இடுப்பில் ஊமைக்காயம். இப்போது பரவாயில்லை. வானூரில் கல்யாணம் எதுவும் இல்லை.

"உங்கண்ணனுக்கு ஒரு வரி எழுதறேங்க்கா" என்றேன். "வேணா மேரி, ஜல்தியா பஸ் ஏறி வந்துடுவாரு. பின்னாடி லாரி ஆரன் அடிச்சாக்கூட அவருக்குத் தெரியாது" என்று தடுத்துவிட்டார்கள். மகள் தினமும் போனில் அழுகிறது, உடனே வா என்று. "எங்கண்ணன் நாள் சொல்லல" என்கிறார்கள் அக்கா.

நான் பகலெல்லாம் வேலைக்குப் போய்விடுவேன் ஐயா. நீங்கள் நாள் சொல்லுங்கள்.

மரியாதையுடன்,
இருதயமேரி.


திண்டிவனம்
05.05.2025, திங்கட்கிழமை

அன்புள்ள சாராவுக்கு, உனக்கு இறைவன் பூரண சுகம் அளிப்பானாக. இந்தக் கடிதம் தாமதமாக வருவதற்கு அஞ்சல் துறை காரணமன்று.

சில விவரங்களைத் திருத்தி எழுத வேண்டியிருக்கிறது. மஸ்கட்டில் இப்போது வீடு, வாகனம், கடை எல்லாம் குளிரூட்டப்பட்டவை என்று விசாரித்ததில் தெரிகிறது. ஆகவே வெயில் ஒரு பொருட்டன்று. பல் வைத்தியம் எந்த நாட்டிலும் செய்துகொள்ளலாம். பிறந்த தேதியைப் பற்றி நான் எழுதியதை விட்டுவிடு. கொடிக்கயிறு வேண்டாம், போர்வையும் வேண்டாம். பாரம் குறையும்.

நீ முன்பு வாங்கிய பெட்டி தூக்கிச் செல்லும் வகை. அது ஆகாது. நான்கு பக்கமும் சுழலும் சக்கரம் வைத்த, இடது கையால் தள்ளினாலே நகரும் பெட்டி ஒன்றை இங்கே கடையில் தேர்ந்தெடுத்து, கடைக்காரர் முன்னிலையில் தள்ளிப் பார்த்து, விழுப்புரம் செல்லும் பேருந்தில் அனுப்பியிருக்கிறேன். விமான நிலையத்தில் சக்கர நாற்காலி வேண்டும் என்று சீட்டு எடுக்கும்போதே யாஹ்யா பதிவு செய்யட்டும். அதில் உட்கார வெட்கப்படாதே.

நேரில் வர நினைத்துப் பேருந்து நிலையம் வரை போய்த் திரும்பிவிட்டேன். நான் வந்தால் நீ எழுந்து அடுப்பைப் பற்ற வைப்பாய்.

ஜனவரி மாதம் நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். போய் வா.

ஜெகபர் அலி.


விழுப்புரம்
கட்டுப் பிரிச்சு ரெண்டு வாரம் ஆவுது

அண்ணன் அவங்களுக்கு, ஸலாம். எழுத்து கோழி கிளறின மாதிரிதான் இருக்கும், பொறுத்துக்குங்க. இது என் கைதான்.

பொட்டி வந்துடுச்சு. ஒரு வெரலால தள்ளினா ஓடுது. பூனை அது மேல ஏறி உக்காந்துக்கினு எறங்க மாட்டேங்குது. எடது கைன்னு உங்களுக்கு யாரு சொன்னா? மேரியக் கேட்டேன். "நான் இல்லீங்க்கா, ஆண்டவரு சொல்லியிருப்பாரு"ன்னுட்டு முந்தானைய வாயில வச்சிக்கினு ஓடுறா.

விசா வந்துடுச்சு. சீட்டு எடுத்துட்டாங்க. ஜூன் 19, வியாழக்கிழம, சென்னையிலருந்து. பாருங்க, தேதி சரியாப் போட்டுட்டேன். பூனைய மேரி வச்சிக்கிறாளாம்.

நீங்க சொன்ன வரிசைப்படி வீட்டுக்காரங்க வழியில, அத்தா வழியில எல்லாருக்கும் பயணம் சொல்லிட்டேன். கோட்டக்குப்பத்துல நம்ம பெரியத்தா மருமவ, பெரிய மச்சி, கட்டிப் புடிச்சு அழுதுட்டு, கண்ணத் தொடச்சிக்கினே, "வரும்போது நல்ல சென்ட்டா ஒண்ணு கொண்டா, தண்ணி கலந்தது வேணாம்"னு சொல்லிச்சு. இனிமே நீங்க ஒருத்தருதான் பாக்கி.

முதல் வெள்ளி ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின நாளாப் போச்சு. அதனால அடுத்த வெள்ளி, 13-ந் தேதி வர்றேன். குருமாப் பொடி ஒரு டப்பா இடிச்சு எடுத்தாறேன். கசகசா போட்டது. அங்க கொண்டு போவக் கூடாதில்ல, உங்ககிட்டயே இருக்கட்டும்.

சாரா.


மஸ்கட்
30.06.2025, திங்கட்கிழமை

அண்ணன் அவங்களுக்கு சாரா ஸலாமோட எழுதிக்கிறது. தலையில தேதியப் பாத்தீங்களா? கெழமையும் போட்டிருக்கேன். யாரும் சொல்லித் தரல.

நல்லபடியா வந்து சேந்துட்டேன். சக்கர நாற்காலியில வச்சு ராணி மாதிரி தள்ளிக்கினு போனாங்க. மாத்திர அட்டைய ஒவ்வொண்ணாப் பாத்தாங்க. சீட்டு இருந்துச்சு, நீங்க சொன்ன மாதிரி. வீடு பெருசு. காத்தால ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டா, ஏசி சத்தத்தத் தவிர ஒண்ணும் இல்ல. சன்னல தொறக்கக் கூடாது, தொறந்தா அனலு. நான் மேசையில உக்காந்துக்கினு சும்மா தட்டிக்கினு இருக்கறேன். தட்டினா நிமிந்து பாக்கத்தான் யாரும் இல்ல.

அண்ணே, ஒண்ணு சொல்லணும். அன்னைக்கி நான் வந்தப்ப நீங்க வெள்ளச் சட்டை போட்டுக்கினு, எப்பவும் மாட்டாத காது மிஷின மாட்டிக்கினு, நாற்காலியில நிமிந்து உக்காந்துக்கினு இருந்தீங்க. பயணம் சொல்றதக் கேக்கத்தான் அப்படி உக்காந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியாதா? சாப்பிட்டு முடிச்சதும் மேசையத் தட்டினேன். நீங்க பாத்தீங்க. "உப்பு சரியா இருந்துச்சாண்ணே"ன்னு கேட்டேன். "சரியா இருந்தது"ன்னீங்க. டப்பாவ வச்சுட்டு, பயணம் சொல்லாமலே எறங்கிட்டேன்.

மறந்துட்டேன்னு நெனச்சுக்காதீங்க. நீங்க முதமுதல்ல தோஹா போனப்ப, அம்மா கொல்லப்பக்கம் போயி நின்னுக்கினு, நீங்க பயணம் சொல்ல வரவர நழுவிக்கினே இருந்தாங்க. கடைசி வரைக்கும் கேட்டுக்கல. ஏம்மான்னு கேட்டேன். "சொல்லாமப் போனாத்தாண்டி சொல்றதுக்காவது வருவான்"னாங்க. நீங்க வந்தீங்க.

காது மிஷினக் கழட்டி வைங்க, காது புண்ணாயிடும்.

சாரா.


திண்டிவனம்
முதல் வெள்ளிக்கிழமை

அன்புள்ள சாராவுக்கு, அண்ணன் எழுதுவது. ஸலாம். உன் கடிதம் கிடைத்தது. கையெழுத்து முன்போலவே இருக்கிறது. மணிக்கட்டு தேறிவிட்டது என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

நீ பயணம் சொல்லவில்லை என்பதை நான் அன்றே கவனித்தேன். படியிறங்கும்போது நீ திரும்பிப் பார்த்ததையும் கவனித்தேன். பயணம் சொன்னவர் திரும்பிப் பார்ப்பதில்லை. நீ சொல்லவில்லை, ஆகவே அது பிழையாகாது. வரிசையில் கடைசிப் பெயர் பாக்கி நிற்கிறது. நிற்கட்டும்.

உன் பொடியைப் போட்டு இன்று நானே குருமா வைத்தேன். சுமாராக வந்தது. உப்பு சரியாக இருக்கிறதா என்று தெரியவில்லை.

இருதயமேரி அம்மையாருக்குப் பாதியை ஒரு தூக்குப் பாத்திரத்தில் விழுப்புரம் பேருந்தில் கொடுத்து அனுப்ப முயன்றேன். நடத்துநர் ஏதோ சொன்னார். மறுபடியும் சொல்லச் சொன்னேன். கத்திச் சொன்னார். விளங்காததால் பாத்திரத்தோடு திரும்பி வந்துவிட்டேன்.

காது மிஷினைக் கழற்றி வைத்துவிட்டேன். அதை மாட்டிக் கேட்பதற்கு இப்போது ஒன்றுமில்லை. சீனுவாசனின் மில் வழக்கம்போல் ஓடுகிறது. அதிர்ந்தால் மில், தட்டினால் நீ என்று என்னால் பிரித்தறிய முடியும் என முன்பு எழுதியிருந்தேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். இப்போதெல்லாம் மேசை அதிரும்போது, ஒவ்வொரு முறையும், நிமிர்ந்து பார்த்துவிடுகிறேன்.

ஜெகபர் அலி.